மாப்பிள்ளையின் நாக்கு

ஒரு மாமியார் தினமும் காலையில் மருமகனின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் நான் பார்த்தேன். மாதக்கணக்காகப் பார்த்தேன். நாக்குக்கு மேலே, நாக்குக்கு அடியில், இந்தக் கன்னம், அந்தக் கன்னம். அவருக்கு எத்தனை கடைவாய்ப் பற்கள் சொத்தை என்று பல் டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்துவோம். இப்போது அதற்கும் தெம்பில்லை. கல்யாணத்துக்கு முன்பே எப்போதோ வந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. பேத்தி பிறந்து சில வருடம் கழித்து மூளைக்குள் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்தபோதுதான் ரத்தத்தைச் சோதித்துச் சொன்னார்கள். என் மகளுக்கும் குழந்தைக்கும் இல்லை என்று ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகள் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. "தெரிஞ்சா செஞ்சாரு? தெரியாமத்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். மாத்திரை ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் ஒன்று, வாழ்நாள் முழுக்க. கொஞ்ச நாளில் ஆள் தேறினார், வேலைக்குப் போனார், கன்னத்தில் சதை பிடித்தது. அப்புறம் ஒருநாள் டாக்டரம்மா சொன்னார், வைரஸ் கருவியில் சிக்காத அளவுக்குக் குறைந்துவிட்டது, இப்படியே இருந்தால் மனைவிக்குத் தொற்றாது, இன்னொரு குழந்தைகூடப் பெற்றுக்கொள்ளலாம் என்று. மகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய தொட்டில் துணியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்பட்டு மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

அந்தத் துணி காய்ந்து அலமாரிக்குப் போய்க் கொஞ்ச நாள்தான். வைரஸ் எண்ணிக்கை ஏற ஆரம்பித்துவிட்டது.

ஏறினால் என்ன அர்த்தம்? ஆள் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் கிளினிக்கில் ஆலோசனை சொல்கிற மேடம் சொன்னார். நல்ல பெண்தான், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதையே சொல்வாள் பாவம். சலித்துப்போன குரல்.

"சார், எத்தனை நாள் விட்டீங்க?"

"ஒரு நாளும் விடலை மேடம்."

"டப்பாவைக் காட்டுங்க."

மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. சரியாக இருந்ததே வினையாகிவிட்டது. "எண்ணிக்கை சரியா வரணும்னு சில பேர் மாத்திரையைக் கழிவறையில போட்டுட்டு வந்துருவாங்க" என்றார் என் மகளைப் பார்த்து. "வீட்டுல பெரியவங்க யாராவது கண்ணு முன்னாடி முழுங்க வைங்க. வாயைத் திறந்து பாருங்க. சங்கடமாத்தான் இருக்கும். வேற வழியில்லை."

மகள் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். கம்பெனி வண்டி விடியுமுன்னே வந்து ஹாரன் அடிக்கும். அப்புறம் வீட்டில் இருக்கிற பெரியவள் யார்? நான்தான்.

முதல் நாள் இரண்டு பேருக்குமே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாப்ள, கொஞ்சம் ஆ காட்டுறீங்களா" என்றேன்.

"அத்தை, பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க என்னை இப்படிப் பார்த்ததில்லை" என்றார்.

"அப்ப பார்த்திருந்தா இவ்வளவு சொத்தைப் பல்லுக்குப் பொண்ணு குடுத்திருப்பேனா? நாக்கைத் தூக்குங்க."

சிரித்துவிட்டார். சிரித்ததில் வாய் நன்றாகத் திறந்தது, எனக்கும் வேலை சுலபமாக முடிந்தது.

பேத்திக்கு ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. பொம்மைக்கு ஆ காட்டச் சொல்வாள், எனக்கு ஆ காட்டச் சொல்வாள். எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினால் அவளுக்கும் "ஆ காட்டுங்க, நாக்கைத் தூக்குங்க". எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குத் தொண்டையில ஏதாவதா?" என்று துருவினாள். "பல்லு" என்றேன். "இத்தனை மாசமாவா?" "நெறைய பல்லு."

மாப்பிள்ளைக்கு லிப்ட் பழுது பார்க்கிற வேலை. ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் சரிசெய்வார், நாங்கள் இருக்கிற கட்டடத்தில் மட்டும் லிப்ட் ஓடாது. வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் உதிரிபாகம் வாங்கித் தரமாட்டார். நான்காவது மாடி. என் முட்டி ஒவ்வொரு மாடியிலும் நின்று எனக்கு நியாயம் கேட்கும். "லிப்ட்காரரைக் கட்டிக்கிட்ட வீட்டுல படியேறியே சாகணும்னு என் தலையெழுத்து" என்பேன். "உங்களுக்காகவே ஒருநாள் வீட்டுக்காரருக்குத் தெரியாம ஓட விடுறேன் அத்தை" என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் பேச்சு தினசரி வழக்கம்.

அவருடைய வேலையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். லிப்ட் பெட்டியின் தலைக்கு மேலே ஏறி நின்றுதான் கம்பி வடத்தையும் கப்பியையும் பார்ப்பார்கள். சுற்றிலும் இருட்டு, கீழே பாதாளம். இடுப்பில் ஒரு பெல்ட். கூட ஒரு ஆள் இருப்பார், மீசை என்று கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையைவிட வயதில் மூத்தவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மாத்திரை தொண்டைக்குள் இறங்குகிறவரை பார்த்தேன். முழுங்கின பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாரோ என்று அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறவரை வாசலில் நின்று பார்த்தேன். அடுத்த ரத்தச் சோதனையில் எண்ணிக்கை இன்னும் ஏறியிருந்தது.

ஆலோசனை மேடம் என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க நிஜமாவே பாக்குறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "டார்ச் அடிச்சுப் பாக்குறேம்மா. உங்களுக்கு வேணும்னா அவர் நாக்கைப் படமா வரைஞ்சு தரவா?"

அவர் சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை. அவள் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலை குனிவுதான் என் மகளுக்கு ஆகவில்லை. தப்பு செய்தவன் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாலுவை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரிடம் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. களைத்துப்போய்க் கேட்டாள்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. அம்மாவை எப்படி ஏமாத்துறீங்க?"

"சத்தியமா ஏமாத்தலை."

"மாத்திரை போட்டா குறையும். போடலைன்னா ஏறும். ஏறுது. இதுல நான் என்னத்தைப் புரிஞ்சுக்கணும்?"

"எனக்கும் புரியலைடி."

"ரெண்டாவது குழந்தைன்னு எனக்கு ஆசை காட்டினீங்க. என் உடம்பைப் பத்திகூடவா நெனைக்கலை? அடுத்த தடவை டாக்டரம்மா வேற மருந்துக்கு மாத்துறதைப் பத்திச் சொல்றேன்னாங்க. அன்னைக்கும் இதே பதில்தான்னா நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அம்மா, நீயும்தான்."

மிரட்டுவதற்காகச் சொல்கிறவள் இல்லை அவள். அன்றைக்குச் சாயங்காலமே பெரிய பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். வாலுவின் துணி பாதி அதற்குள் போனது. என் மகன் வீட்டில் இரண்டே அறை, மருமகளுக்கு என்னைப் பார்த்தாலே தலைவலி வரும். ஆனால் என் கவலை அதுவா? நான் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன், அந்த மனுஷன் முழுங்குகிறார். என் கண்ணை நம்புவதா, ரத்தத்தை நம்புவதா? மகளிடம் சொன்னேன். "அம்மா, உனக்குக் கண்புரை" என்றாள். ஆபரேஷன் செய்தாகிவிட்டது என்றேன். காதில் வாங்கவில்லை.

அடுத்த தடவை கிளினிக் போவதற்கு முந்தின வாரம், சனியும் ஞாயிறும் மாப்பிள்ளைக்கு லீவு. ஞாயிறு மத்தியானம் குளிக்கப் போனார். மகளும் வாலுவும் கடைக்குப் போயிருந்தார்கள். உள்ளே வாளி உருண்ட சத்தம், பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கதவைத் தட்டினேன். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிடலாமா என்று நான் வாசலுக்குப் போகும்போது உள்ளிருந்து, "வழுக்கிட்டேன் அத்தை, ஒண்ணுமில்லை" என்று குரல் வந்தது. குழறலான குரல். வெளியே வந்தவர் நேரே போய்ப் படுத்துவிட்டார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. மகள் வந்து பார்த்துவிட்டு, "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை, வழக்கம்போல மாத்திரை, தண்ணீர், டார்ச்.

"ஆ காட்டுங்க."

வாயைத் திறக்க யோசித்தார். அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. சரி, மகள் சொன்னது சரிதான் போலிருக்கிறது, மாத்திரையை எங்கேயோ ஒதுக்கி வைத்திருக்கிறார், இன்றைக்கு மாட்டினார் என்று நினைத்தேன்.

"திறங்க மாப்ள."

திறந்தார். மாத்திரை இல்லை. நாக்கின் ஓரத்தில், வலது பக்கம், பற்கள் வரிசையாகப் பதிந்த காயம். கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. தினமும் நான் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான நாக்கு அது. முந்தின நாள் காலையில் அந்தக் காயம் இல்லை.

"என்ன இது?"

"சாப்பிடும்போது கடிச்சுட்டேன்."

நான் டார்ச்சை அணைத்தேன். சாப்பிடும்போது கடிக்கிறவர்கள் நாக்கின் நுனியைக் கடிப்பார்கள், கொஞ்சமாகக் கடிப்பார்கள். இந்த மாதிரிக் கடியை நான் பார்த்திருக்கிறேன். என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அவளுக்கு ஒவ்வொரு தடவை வந்துபோன பிறகும் நாக்கின் ஓரம் இப்படித்தான் இருக்கும், அன்றைக்கு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் முட்டி நின்றுவிட்டது. அவரும் நின்றார்.

"எங்கே வர்றீங்க அத்தை?"

"எத்தனை நாளா வலிப்பு வருது மாப்ள?"

கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தார். அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். யாரோ பெரிய பாரத்தை வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், எனக்கே கண் கலங்கிவிட்டது. நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், இருந்தாலும் உட்கார்ந்தேன்.

"போன வருஷக் கடைசில அத்தை. மொட்டை மாடியில மோட்டார் ரூம்ல இருந்தேன். என்ன ஆச்சுன்னே தெரியாது. கண்ணு முழிச்சா மீசை அண்ணன் என் தலையை மடியில வச்சிருக்காரு, அழுறாரு. அவரே ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. ஸ்கேன் எடுத்தாங்க. எப்பவோ மூளையில வந்த காய்ச்சலோட தழும்பு இருக்குன்னாங்க. ஒரு மாத்திரை குடுத்தாங்க. அதைப் போட்டா வர்றதில்லை."

"நேத்து வந்துச்சே?"

"மாத்திரை கம்பெனி லாக்கர்ல இருக்கு. லீவு நாள்ல எடுத்துட்டு வர்றதில்லை. ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது. இந்தத் தடவை ரெண்டு நாள் லீவு."

"அந்த டாக்டர்கிட்ட உங்க மத்த மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? மீசை அண்ணன் பக்கத்துலயே நின்னாரு."

"சரி, இங்க டாக்டரம்மாகிட்ட?"

"அங்க உங்க பொண்ணு பக்கத்துல நிக்கிறா." நெற்றியைத் தேய்த்தார். "அவளுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா மறுநாள் என்னை லிப்ட் மேல ஏற விடுவாளா? ஏறலைன்னா எனக்கு இந்த வேலை ஏது? ஏற்கெனவே ஒரு நோயோட வந்தவன். இன்னொண்ணையும் எப்படி அவ தலையில ஏத்துறது? அத்தை, உங்க கால்ல விழுறேன், சொல்லிறாதீங்க."

நான் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கையைக் குடுங்க, எழுந்திருக்கணும்" என்றேன். தூக்கிவிட்டார். அந்த நாக்கோடு வேலைக்குப் போனார். நான் இரண்டு மாடி ஏறுவதற்குள் எத்தனை யோசனை! இரண்டு நாள் விட்டதற்கே குளியலறையில் விழுந்தவர், லிப்ட் பெட்டி மேலே நிற்கும்போது விழுந்தால்? பெல்ட் இருக்கிறதுதான். பெல்ட்டை மாட்டுகிறதற்கு முன்னால் வந்தால்? மத்தியானம் மகள் வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். அவள் பையில் தன் துணியை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இதைச் சொன்னால், "பாத்தியா, எத்தனை பொய்!" என்று அன்றைக்கே கிளம்பிவிடுவாள் என்று பயம். வாயை மூடிக்கொண்டேன். வலிப்பு வேறு, வைரஸ் வேறு என்றுதான் அப்போது நானும் நினைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் செய்தேன். சாயங்காலம் அவர் வந்ததும், "அந்த மாத்திரையை லாக்கர்ல வைக்காதீங்க, கூடவே வச்சுக்கங்க. ஒரு வேளையும் விடக்கூடாது. விட்டீங்கன்னா நானே அவகிட்ட சொல்லிடுவேன்" என்று காதோடு காதாகச் சொன்னேன். தலையாட்டினார்.

கிளினிக் போகிற நாள் வந்தது. மகள் லீவு போட்டிருந்தாள். மாப்பிள்ளை வேலையிலிருந்து நேரே கருவிப் பையோடு வந்தார். நீல பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும். பக்கத்தில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள் அங்கே, எல்லோரும் செல்போனைப் பார்ப்பார்கள். செல்போன் இல்லாதவர்கள் செருப்பைப் பார்ப்பார்கள்.

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடச் சில வயது கூட இருக்கும். மேசையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. ரிசல்ட்டைப் பார்த்தார்.

"குறையலை. இனிமே காத்திருக்க முடியாது. அடுத்த கட்ட மருந்துக்கு மாத்துறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க, மருந்து வகை ஒண்ணும் கொட்டிக் கிடக்கலை. இதையும் ஒழுங்கா போடலைன்னா அப்புறம் என்கிட்ட பெரிசா எதுவும் இருக்காது." வழக்கமான கேள்விகளுக்குப் போனார். "காய்ச்சல்? இருமல்? எடை குறைஞ்சுதா? வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லை", "இல்லை", "இல்லை", "இல்லை" என்றார் மாப்பிள்ளை. கடைசி 'இல்லை'யும் மற்ற மூன்றைப் போலவே வந்தது. எத்தனை தடவை சொல்லிப் பழகிய வார்த்தை! டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

எனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு ஆளின் வாயைத் தினமும் பார்க்கிறவளுக்கு அந்த வாயிலிருந்து பொய் வரும்போது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதுவும் புது மருந்து எழுதப்போகிற நேரத்தில்.

"இருக்கு டாக்டரம்மா" என்றேன். "வேற மாத்திரை இருக்கு."

மகள் என் பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ள, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நல்லாயிருக்காது."

மாப்பிள்ளை கருவிப் பையின் ஜிப்பைத் திறந்தார். இன்சுலேஷன் டேப் வைக்கிற தகர டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கார்பமசபைன். எத்தனை மாசமா?"

சொன்னார். டாக்டரம்மா பழைய ரிசல்ட்டுகளைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே சார்."

"கேட்டீங்க."

"இல்லைன்னு சொன்னீங்க."

"ஆமா டாக்டர்."

என் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன மாத்திரை அது? யாராவது சொல்லுங்களேன்."

"வலிப்பு மாத்திரைம்மா" என்றார் டாக்டரம்மா. "நல்ல மாத்திரைதான், தப்பு சொல்ல முடியாது. ஆனா இவர் போடுற எங்க மாத்திரைக்கும் அதுக்கும் ஆகாது. இது கல்லீரலை முடுக்கி விட்டுரும். உள்ள வர்ற மருந்தை எல்லாம் அது அவசர அவசரமா உடைச்சு வெளிய தள்ளிரும். தினமும் ஒழுங்கா முழுங்கினாலும் ரத்தத்துல போதுமான அளவு நிக்காது. அந்த இடைவெளியில வைரஸ் வளர்ந்துரும். நான் இப்ப எழுதப்போன புது மருந்துக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும். ஒவ்வொரு மருந்தா மாத்தி மாத்தி எல்லாத்தையும் வீணாக்கியிருப்போம்."

மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப... இவர் தினமும் மாத்திரை போட்டிருக்காரா?"

"எனக்குத் தெரிஞ்சவரை, போட்டிருக்கார்."

"நான்தான் சொன்னேனே" என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்த வருஷத்திலேயே நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

மாப்பிள்ளை சட்டென்று அட்டையை எடுத்தார். "அப்ப இதை இன்னைக்கே நிறுத்திடுறேன்."

"ஐயோ, வேணாம்! கையை எடுங்க." டாக்டரம்மா அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "திடீர்னு நிறுத்தினா வலிப்பு தொடர்ச்சியா வந்துரும், உயிருக்கே ஆபத்து. இனிமே யாரும் தானா எதையும் நிறுத்தவும் வேணாம், சேர்க்கவும் வேணாம். வலிப்பு டாக்டர் நம்பர் குடுங்க. நானே பேசுறேன். எங்க மருந்தோட சண்டை போடாத வலிப்பு மாத்திரை இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா அதுக்கு மாத்தலாம். மாத்தி முடியிறவரை எங்க மாத்திரையைக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு போடுங்க. வைரஸ் இந்த மருந்துக்குப் பழகிப்போச்சான்னு ஒரு டெஸ்ட் எடுக்கணும். பழகலைன்னா இதே மருந்தே போதும்."

"பழகியிருந்தா?" என்றாள் மகள்.

"அப்ப பார்த்துக்கலாம். இப்பவே அழாதீங்க." பேனாவை மேசையில் தட்டினார். "என்ன வேலை சார் பார்க்கிறீங்க?"

சொன்னார்.

"இனிமே உயரத்துல ஏறக்கூடாது. மேலதிகாரிகிட்ட வலிப்பைப் பத்தி நீங்களே சொல்லணும். மத்ததைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வலிப்பை மட்டும்."

மாப்பிள்ளை தலையாட்டினார். எதற்குப் பயந்து இத்தனை நாள் மறைத்தாரோ அது மூன்றே வார்த்தையில் முடிந்துபோனது.

வெளியே வரும்போது ஆலோசனை மேடம் எங்களை நிறுத்தினார். அதற்குள் அவருக்கு விஷயம் போய்விட்டிருந்தது. "நான் உங்களைப் பொய் சொல்றீங்கன்னுதான் நெனைச்சேன் சார்" என்றார்.

"பொய்தானே மேடம் சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை. "நீங்க தேடின பொய் இல்லை, அவ்வளவுதான்."

பஸ்ஸில் மகளும் அவரும் ஒரே இருக்கை, நான் முன் இருக்கை. காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், இதில் என்ன மறைக்க இருக்கிறது? எங்கள் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் சொன்னாள்:

"நீங்க என்னை ஏமாத்தலைன்னு சந்தோஷப்படவா, ஏமாத்திட்டீங்கன்னு அழவா? எதுக்கும் தெம்பு இல்லைங்க எனக்கு."

"ரெண்டையும் நாளைக்குச் செய்" என்றார் அவர்.

மாடிப்படி ஏறும்போது வழக்கமாக முன்னால் விறுவிறுவென்று போகிறவள், அன்றைக்கு அவரை முன்னால் விட்டு இரண்டு படி பின்னால் வந்தாள். கருவிப் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்குப் புரிந்தது. விழுந்தால் தாங்கிப் பிடிக்கத்தான். அவளுக்குப் பின்னால் நான், முட்டியோடு. இரண்டு பேரும் விழுந்தால் என் கதி என்ன என்று யாரும் யோசிக்கவில்லை.

கதவுக்குப் பின்னால் அந்தப் பை அப்படியே இருந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை. சாயங்காலம் குளிர்கிறது என்று வாலு சிணுங்கினபோது மட்டும் ஜிப்பைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தாள். திரும்ப மூடவில்லை.

மறுநாள் விடியுமுன்னே கம்பெனி வண்டி கீழே ஹாரன் அடித்தது. மகள் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை எழுந்து, மேலதிகாரியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கண்ணாடி முன்னால் நின்று வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டதும் மாத்திரை டப்பாவை எடுத்தார். தகர டப்பாவிலிருந்து வலிப்பு மாத்திரையையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். முதல் தடவையாக இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. நான் பழக்கத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"குடும்மா" என்று மகள் என் கையிலிருந்து வாங்கினாள்.

அவர் இரண்டையும் முழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். வாலு நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, "அப்பா, ஆ காட்டு!" என்று அதிகாரம் செய்தாள். அவர் வாயைத் திறந்தார்.

மகள் கன்னத்துக்குள் பார்க்கவில்லை, நாக்குக்கு அடியிலும் பார்க்கவில்லை. டார்ச்சை வலது பக்க ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருந்தாள். காயம் ஆறத் தொடங்கியிருந்தது, விளிம்பு மட்டும் வெள்ளையாக.

"வலிக்குதா?" என்றாள்.

வாயைத் திறந்தபடியே எப்படிப் பதில் சொல்வது? ஆமாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.